அகராதியை வால் பக்கமிருந்து புரட்டுவது: எழுத்துக்கோவையை வைத்து ஆங்கிலச் சொல் தேடுதல்

கேள்வி இதுதான்: ஆங்கில அகராதியில் ஒரே எழுத்துக்கோவை வரும் சொற்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க முடியுமா? கேட்டவர் இரண்டு உதாரணம் கொடுத்திருக்கிறார். ஒன்று, ஓ-யூ-ஜி-எச் என்ற நாலு எழுத்தும் சேர்ந்து வரும் சொற்கள் எல்லாம் வேண்டும். இன்னொன்று, குறுக்கெழுத்துப் புதிரில் சில கட்டம் நிரம்பி, சில கட்டம் காலியாக இருக்கும்போது அதில் பொருந்தும் சொற்கள் வேண்டும். அகராதியை அட்டையிலிருந்து அட்டைவரை புரட்டாமல் இதற்கு வழி உண்டா என்கிறார்.

உண்டு. காசு செலவில்லாமல் உண்டு, கற்றுக்கொள்ள பத்து நிமிடம் போதும். ஆனால் கருவியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பாதிப் பதில்தான். தேடும் முறையில் யாரும் அதிகம் தப்பு செய்வதில்லை. எந்தச் சொற்பட்டியலில் தேடுகிறோம் என்பதில்தான் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியிருக்கிறேன், அந்தக் கதை பின்னால் வரும்.

அதற்கு முன் ஓர் ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளை இங்கே பெயர் சொல்லியே எழுதுகிறேன், நடுவில் சிறுகோடு போட்டு. டி என்றால் டாக்டரின் முதலெழுத்து, டீ என்றால் டைகரின் முதலெழுத்து. பி என்று வந்தால் அது பென்சிலின் பி. கோடெல்லாம் படிக்கும் வசதிக்குத்தான். நீங்கள் தட்டும்போது எழுத்துகளைச் சேர்த்தே தட்டுங்கள்.

சரி, அச்சு அகராதி இந்த விஷயத்தில் ஏன் கையை விரிக்கிறது? யாப்பு கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அகராதி மோனையை மட்டுமே மதிக்கும். முதலெழுத்து ஒன்றினால் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கும். அதுவும் ஒன்றாகிப் போனால்தான் இரண்டாம் எழுத்தைப் பார்க்கும். எதுகையோ (இரண்டாம் எழுத்து ஒன்றுவது) இயைபோ (கடைசி எழுத்து ஒன்றுவது) அதன் கண்ணில் படாது. ஃபைட், சைட் இரண்டுக்கும் வால் ஒன்றுதான், ஐ-ஜி-எச்-டீ. ஆனால் ஒன்று எஃப்பில் கிடக்கிறது, மற்றது எஸ்ஸில் கிடக்கிறது. நடுவில் பல நூறு பக்கம்.

வேறு வரிசையும் சாத்தியம் என்பது நமக்குப் புதிதல்ல. சூடாமணி நிகண்டில் ஒருசொல் பல்பொருள் தொகுதி எதுகை வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியின் நாலாவது பகுதியான தொடையகராதி எதுகைச் சொற்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. செய்யுள் கட்ட உட்கார்ந்தவனுக்கு அகரவரிசையால் என்ன பயன்? அவனுக்கு வேண்டியது இரண்டாம் எழுத்து.

ஆங்கிலத்தில் அதே வேலையை வாலிலிருந்து செய்தவர் ஜான் வாக்கர். நடிகராக இருந்து, பிறகு உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரானவர். 1775இல் அவர் வெளியிட்ட அகராதியில் சொற்கள் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கப்பட்டிருந்தன. கவிஞர்கள் அதை இயைபு அகராதியாக எடுத்துக்கொண்டார்கள். திரும்பத் திரும்ப அச்சாகி இருபதாம் நூற்றாண்டுவரை புழக்கத்தில் இருந்தது. 1971இல் மார்ட்டின் லேனர்ட் என்ற ஜெர்மானியப் பேராசிரியர், தற்கால ஆங்கிலத்துக்கென்றே தலைகீழ் அகராதி ஒன்றை வெளியிட்டார்.

எனக்குப் பிடித்தது மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதி நிறுவனத்து ஆட்கள் செய்த காரியம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், தங்கள் அகராதியின் தலைச்சொற்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்பக்கமிருந்து அட்டைகளில் டைப் செய்து அடுக்கிவைத்தார்கள். ஏறத்தாழ 3,15,000 அட்டைகள். ஒரு அட்டையை நினைத்துப் பாருங்கள். ஜியாலஜி என்ற சொல் அதில் ஒய்-ஜி-ஓ-எல்-ஓ-இ-ஜி என்று நிற்கும். பார்த்தால் ஏதோ மந்திரம்போல இருக்கும். ஆனால் அட்டைகளை அகரவரிசையில் அடுக்கியதும் மாயம் நடக்கிறது: ஜியாலஜிக்குக் கொஞ்சம் தள்ளித் தியாலஜி, கொஞ்சம் முன்னால் ஆர்க்கியாலஜி, இப்படி 'லஜி'க்கள் மொத்தமும் ஒரே இழுப்பறையில் வந்து சேர்ந்துவிடும். ஒரு துறையின் பெயருக்குப் பொருள் எழுதும் ஆசிரியர், அதே வால் உள்ள மற்ற சொற்களுக்கு என்ன எழுதியிருக்கிறோம் என்று ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வித்தையை இன்று எக்ஸெல் தாளில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒரு பத்தியில் சொற்கள், பக்கத்துப் பத்தியில் அதே சொற்கள் தலைகீழாக. இரண்டாம் பத்தியை வைத்து வரிசைப்படுத்தினால் உங்கள் கையில் ஒரு வாக்கர் அகராதி.

ஆனால் உங்கள் கேள்விக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. ஒன்லுக் என்ற தளம் 1996 முதல் இருக்கிறது. பல அகராதிகளை ஒரே சமயத்தில் துழாவும். அதில் இரண்டு குறிகள் தெரிந்தால் போதும். கேள்விக்குறி போட்டால் 'இங்கே ஏதோ ஓர் எழுத்து, ஒன்றே ஒன்று' என்று அர்த்தம். நட்சத்திரக்குறி போட்டால் 'இங்கே எத்தனை எழுத்தும் வரலாம், வராமலும் போகலாம்' என்று அர்த்தம். ஆக, உங்கள் முதல் தேடலுக்கு ஒரு நட்சத்திரம், அப்புறம் ஓ-யூ-ஜி-எச், அப்புறம் இன்னொரு நட்சத்திரம். கடைசியில் மட்டும் வர வேண்டும் என்றால் பின்னால் உள்ள நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். இன்னும் இரண்டு குறி உண்டு: # போட்டால் மெய்யெழுத்து மட்டும், @ போட்டால் உயிரெழுத்து மட்டும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. குறுக்கெழுத்துக்காரர்களுக்கு இது வரம்.

குறுக்கெழுத்தையே ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஆறு கட்டம். இரண்டாவது ஏ, மூன்றாவது டீ, ஐந்தாவது இ, ஆறாவது ஆர். முதலாவதும் நாலாவதும் காலி. ?-ஏ-டீ-?-இ-ஆர் என்று போடுகிறோம். வந்து விழும் சொற்களைப் பாருங்கள்: மேட்டர், ஹேட்டர், லேட்டர், பேட்டர், ஃபேட்டர் என்று ஒரு கூட்டம். ஃபாதர், கேதர், ராதர் என்று இன்னொரு கூட்டம். காலியாக இருந்த நாலாவது கட்டத்தில் முதல் கூட்டத்துக்கு டீ, இரண்டாவது கூட்டத்துக்கு எச். பட்டியலைப் பார்த்த கணமே புதிர் மாறிவிட்டது. இருபத்தாறு எழுத்தில் எது என்று முட்டிக்கொண்டிருந்தோம், இப்போது அனேகமாக டீயா எச்சா என்பதுதான் கேள்வி. குறுக்கே போகும் சொல்லைப் பார்த்தால் அதுவும் தீர்ந்துவிடும். விடையை நேரே எடுத்துக்கொள்வதைவிட இப்படிச் சுருக்கிக்கொள்வதில்தான் ருசி இருக்கிறது என்பது என் கட்சி. மற்றபடி, காலைக் காபி ஆறுவதற்குள் புதிரை முடிக்க நினைப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

இதற்கு மேலும் நுணுக்கமாகத் தேட வேண்டும் என்றால் ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ், பக்கம் வர வேண்டும். ஸ்டீபன் கிளீனி என்ற கணித அறிஞர் 1950களில் உருவாக்கிய குறியீட்டு முறை அது. அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் கென் தாம்சன் அதை உரைக்கோப்புகளில் தேடும் கருவியாக்கினார். 1973இல் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் வந்த 'கிரெப்' கட்டளை அப்படிப் பிறந்தது. பெயருக்குத் தனி அர்த்தம் ஒன்றும் இல்லை. 'கோப்பு முழுவதும் இந்த ரெகுலர் எக்ஸ்பிரஷனைத் தேடி அச்சிடு' என்று அந்தக்கால எடிட்டரில் தட்டிய சுருக்கக் கட்டளையை அப்படியே உச்சரித்தால் கிரெப்.

இங்கே புதியவர்கள் எல்லாரும் விழும் ஒரு குழி இருக்கிறது. ஒன்லுக்கின் நட்சத்திரமும் ரெஜெக்ஸின் நட்சத்திரமும் ஒன்றல்ல. ரெஜெக்ஸில் 'ஏதோ ஓர் எழுத்து' என்பதற்குப் புள்ளி. நட்சத்திரம் தனக்கு முன்னால் உள்ளதை 'எத்தனை முறை வேண்டுமானாலும்' ஆக்கும். கேள்விக்குறியோ, தனக்கு முன்னால் உள்ள எழுத்து 'இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி' என்று சொல்லும். கலர் என்ற சொல்லை பிரிட்டிஷ்காரர்கள் யூ போட்டு எழுதுவார்கள், அமெரிக்கர்கள் போடமாட்டார்கள். ரெஜெக்ஸில் அந்த யூவுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் இரண்டு ஸ்பெல்லிங்கும் சிக்கும். அதையே ஒன்லுக்கில் போட்டால் ஓர் எழுத்து கூடுதலாக உள்ள வேறு ஏதாவது தேடும், ஒன்றும் கிடைக்காது, அகராதியில் இல்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவீர்கள்.

இன்னும் மூன்று குறி: ^ என்றால் சொல்லின் தொடக்கம், $ என்றால் சொல்லின் முடிவு, சதுர அடைப்புக்குள் எழுத்துகளைப் போட்டால் 'இவற்றில் ஏதாவது ஒன்று'. மேலே நாலாவது கட்டத்துக்கு டீயும் எச்சும்தான் என்று முடிவானதும் அந்த இரண்டையும் சதுர அடைப்பில் போட்டு மறுபடி தேடலாம்.

அப்புறம், ஒன்லுக்கில் பார்த்த வைல்டுகார்டு குறிகளால் முடியவே முடியாத ஒன்று. அடுத்தடுத்து மூன்று இரட்டை எழுத்து வரும் சொல் எது? எந்த எழுத்து என்று தெரியாது, இரட்டிக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். ரெஜெக்ஸில் இப்படிக் கேட்கலாம்:

(.)\1(.)\2(.)\3

அடைப்புக்குள் உள்ள புள்ளி ஏதோ ஓர் எழுத்தைப் பிடித்து ஞாபகம் வைத்துக்கொள்கிறது. \1 என்பது 'முதலில் பிடித்தது எதுவோ அதுவே மறுபடி' என்கிறது. இப்படி மூன்று முறை. வலையில் விழுவது புக்கீப்பர், புக்கீப்பிங். கணக்கு எழுதுகிறவர், கணக்கெழுதும் வேலை. இரண்டு ஓ, இரண்டு கே, இரண்டு இ. பழைய வெப்ஸ்டர் பட்டியல் ஒன்றில் 'சப்' சேர்த்த துணைக் கணக்கர்கூட இருக்கிறார், அவருக்கு நாலு இரட்டை.

இந்த முறையையே கொஞ்சம் நீட்டினால் எழுத்து எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அமைப்பு ஒன்றாக இருந்தால் போதும் என்று தேடலாம். நூன், டீட், பீப் மூன்றும் ^(.)(.)\2\1$ என்ற ஒரே அச்சில் வார்த்தவை. பீப்பிள் என்ற சொல்லுக்கு எழுத்துக்குப் பதில் எண் போட்டால் 1-2-3-1-4-2. சங்கேத எழுத்தை உடைப்பவர்களுக்கு இது சோறு போட்ட வித்தை. எழுத்துகளை மாற்றி மறைத்தாலும் எது எங்கே திரும்ப வருகிறது என்பதை மறைக்க முடியாதே? ஜாக் லெவின் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் 1970களில் இப்படிப்பட்ட அமைப்புச் சொற்களின் பட்டியலைக் கம்ப்யூட்டரை வைத்துத் தயாரித்து வெளியிட்டார். எழுத்து மாற்றி விளையாடும் அனகிராமுக்கு வேறு தந்திரம்: சொல்லின் எழுத்துகளையே அகரவரிசையில் அடுக்கிவிட வேண்டும். லிசன், சைலண்ட், என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ் ஐந்தையும் அப்படி அடுக்கினால் ஐந்துக்கும் இ-ஐ-எல்-என்-எஸ்-டீ என்று ஒரே முகம்.

இவ்வளவையும் கம்ப்யூட்டர் எப்படிச் செய்கிறது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். இரண்டு மூன்று லட்சம் சொற்கள் என்பது அதற்குக் கொசு. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டே, நாம் விரலை எடுப்பதற்குள் பதில் சொல்லிவிடும்.

இப்போது நான் சறுக்கிய கதை. பல வருஷத்துக்கு முன் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வினாடி வினா நடத்தினேன். அதில் ஒரு கேள்வி: ஆங்கிலத்தில் டி-ஓ-யூ-எஸ் என்று முடியும் சொற்கள் எத்தனை? விடை, நாலே நாலு: ட்ரெமெண்டஸ், ஸ்டுபெண்டஸ், ஹொரெண்டஸ், ஹஸார்டஸ். இது ஊர் உலகமெல்லாம் சுற்றும் துணுக்கு, நானும் எங்கோ படித்து மனதில் வைத்திருந்தேன். கேள்வி முடிந்து எல்லாரும் கைதட்டிய பிறகு ஒரு பெண் எழுந்து, "சார், ஜெப்பர்டஸ்னு ஒண்ணு இருக்கே?" என்றாள். கையில் தடிமனான ஒரு பழைய அகராதி. ஜெப்பர்டி என்ற சொல்லின் உரிச்சொல் வடிவம், ஆபத்தான என்று பொருள். பிறகு வீட்டுக்கு வந்து பெரிய பட்டியலில் தேடினால் இன்னும் வருகிறது: கால் இல்லாத பிராணியைக் குறிக்கும் ஆப்பொடஸ், வேதியியலில் ஐயோடஸ், வனேடஸ். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி 'அன்றாட ஆங்கிலத்தில்' என்று தொடங்கியிருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லை விட்டதால் வந்த வினை.

அன்றிலிருந்து 'ஒரே சொல்', 'இரண்டே சொல்' என்று யார் சொன்னாலும் என் கை தானாகப் பட்டியலைத் திறக்கும். ஜி-ஆர்-ஒய் என்று முடியும் மூன்று சொற்கள் எவை என்று ஒரு புதிர் 1975 வாக்கில் அமெரிக்காவில் கிளம்பிப் பல வருஷம் நூலகங்களையும் அகராதிக்காரர்களையும் பாடாய்ப் படுத்தியது. ஆங்ரி, ஹங்ரி இரண்டுக்கு மேல் புழக்கத்தில் உள்ள சொல் கிடையாது. எம்-டீ என்று முடிவது ட்ரெம்ட் ஒன்றுதான் என்பார்கள். அதன் முன்னால் 'அன்' சேர்த்தாலும் 'டே' சேர்த்தாலும் சொல்தானே, அகராதியில் இருக்கிறதே என்றால் பதில் வராது.

ஆகவே எந்தப் பட்டியல் என்பது முக்கியம். மேக் கம்ப்யூட்டரிலும் யூனிக்ஸின் பி.எஸ்.டி. (BSD) என்ற கிளை வழி வந்த மற்றவற்றிலும் 'வேர்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு சாதாரண உரைக்கோப்பு உண்டு. வரிக்கு ஒரு சொல், பொருள் கிடையாது. 1934இல் வந்த வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுத்தது. அதோடு வரும் குறிப்பு 2,34,936 சொற்கள் என்கிறது. பெரிய பட்டியல்தான். ஆனால் அகராதித் தலைச்சொற்கள் என்பதால் பன்மையும் இறந்தகால வடிவங்களும் பெரும்பாலும் கிடையாது. கம்ப்யூட்டர் காலத்துச் சொற்களை அதில் எதிர்பார்க்கவே முடியாது. மறுபக்கம், இன்று யாருக்கும் தெரியாத விலங்கியல், தாவரவியல் பெயர்கள் குவிந்து கிடக்கும். ஸ்க்ராபிள் என்ற சொல்கட்டும் விளையாட்டை ஆடுகிறவர்களின் காலின்ஸ் பட்டியல் வேறு ரகம். 2019 பதிப்பில் 2,79,496 சொற்கள். பன்மை, இறந்தகாலம் எல்லாம் விரித்து எழுதியிருக்கும், ஆனால் ஆள் பெயர், ஊர்ப் பெயர், பதினைந்து எழுத்தைத் தாண்டிய சொல் எதுவும் இருக்காது. ஒரே தேடலை இரண்டிலும் போட்டுப் பார்த்தால் இரண்டு வேறு மொழிகளோ என்று சந்தேகம் வரும்.

ஒரு சின்னப் பரிசோதனை. சி-இ-இ-டி என்று முடியும் சொற்கள் மூன்றுதான் என்பது ஆங்கில ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கும் பாடம்: எக்ஸீட், ப்ரொசீட், சக்ஸீட். மற்றவை எல்லாம் கன்சீட், ப்ரிசீட், ரிசீட் மாதிரி சி-இ-டி-இ. சூப்பர்சீட் மட்டும் எஸ் போட்டு எழுதுவது. நல்ல விதிதான், பழைய வெப்ஸ்டரில் தேடினால் அப்படியே நிற்கும். இறந்தகால வடிவங்களை விரித்த பட்டியலில் தேடுங்கள், நாலாவதாக ஒன்று வந்து உட்காரும்: எம்ஸீட். விழாவைத் தொகுத்து வழங்குபவரை எம்.சி. என்பார்கள் அல்லவா, அந்த இரண்டெழுத்தே 'எம்ஸீ' என்று சொல்லாகி, வினையாகி, இறந்தகாலமும் வாங்கிக்கொண்டுவிட்டது. இது அந்த மூன்றின் குடும்பம் இல்லை. வால் மட்டும் ஒன்று.

எழுத்துக்கோவைத் தேடலுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும் என்பதை இந்த எம்ஸீட் நன்றாகக் காட்டிவிடுகிறது. வேர் தெரியாது, பொருள் தெரியாது. சி-ஐ-டி-இ என்று முடிவதைத் தேடுங்கள். ஹோமிசைட், சூசைட், பெஸ்டிசைட் என்று கொலைக் கூட்டம் வரும். கூடவே டிசைடும் கோஇன்சைடும் வரும். இந்த இரண்டையும் பார்த்ததும் 'இவை சம்பந்தமில்லாதவை' என்று தள்ளிவிடத் தோன்றும். அவசரப்படக் கூடாது. டிசைடு அந்தக் குடும்பம்தான். வெட்டுவது, கொல்வது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. தீர்மானிப்பது என்றால் மற்ற வழிகளை வெட்டிவிடுவது. நாமும் 'வெட்டொன்று துண்டிரண்டு' என்கிறோமே. கோஇன்சைடுதான் வெளியாள், அது விழுவது என்ற வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது. பட்டியல் எடுத்துக் கொடுத்தது மூன்று நொடி, பிரித்துப் பார்க்க ஒவ்வொன்றுக்கும் அகராதியில் சொற்பிறப்பு படிக்க வேண்டியிருந்தது. சொல்வளம் பெருக்க இந்த முறையைப் பயன்படுத்துகிறவர்கள் இந்த இரண்டாம் வேலையை விட்டுவிடுகிறார்கள்.

ஸ்பெல்லிங் விதிகளைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 'ஐ முன்னால், இ பின்னால், சி-க்கு அப்புறம் மட்டும் மாறும்' என்று பள்ளியில் பாட்டாகவே படித்திருப்போம். சி-இ-ஐ என்று தேடினால் ரிசீவ், டிசீவ், சீலிங், ரிசீட் என்று ஒரு சின்னக் குடும்பமும் அதன் கிளைகளும் வருகின்றன. விதி மீறலான சி-ஐ-இ என்று தேடினால்? சயின்ஸ், சொசைட்டி, ஸ்பீஷீஸ், ஏன்ஷியண்ட், எஃபிஷியண்ட், க்ளேஷியர் என்று வந்துகொண்டே இருக்கிறது. பன்மைகளை விரித்த பட்டியல் என்றால் பாலிசீஸ், ஃபேன்சீஸ் எல்லாம் சேர்ந்து திரையைத் தாண்டி ஓடும். மீறல்தான் அதிகம். 'ஈ' என்ற ஓசை வரும் இடங்களுக்கு மட்டும் என்று விதியைச் சுருக்கினால் கொஞ்சம் தேறும், ஆனால் அப்போதும் ஸ்பீஷீஸ் முறைத்துக்கொண்டு நிற்கும். 2009இல் பிரிட்டன் அரசு ஆசிரியர்களுக்கு வெளியிட்ட கையேட்டிலேயே இந்த விதி சொல்லிக்கொடுக்கத் தகுதியில்லாதது என்று எழுதிவிட்டார்கள்.

ஓசை என்றதும் உங்கள் முதல் உதாரணத்துக்கு வந்துவிடுகிறோம். ஓ-யூ-ஜி-எச்சைப் போல ஆங்கிலத்தின் மானத்தை வாங்கும் கோவை வேறு இல்லை. தமிழில் எழுதிப் பார்த்தால்தான் இதன் கூத்து முழுதாகத் தெரியும்: தோ, த்ரூ, டஃப், காஃப், பௌ, தாட், தரோ, ஹிக்கப். எட்டுச் சொல், எட்டு ஓசை, அந்த நாலெழுத்து மட்டும் மாறவில்லை. ஆகவே, 'ஒரே மாதிரி எழுதுபவை' வேண்டுமா, 'ஒரே மாதிரி ஒலிப்பவை' வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். எழுத்து என்றால் மேலே சொன்ன வழிகள் போதும். ஒலி என்றால் எழுத்துப் பட்டியலை மூடிவைத்துவிட்டு உச்சரிப்புப் பட்டியலுக்குப் போக வேண்டும். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி இலவசமாகக் கிடைக்கிறது. 1,34,000க்கு மேற்பட்ட சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அமெரிக்க உச்சரிப்பு குறியீட்டில் இருக்கும். அதே கிரெப்பை அந்தக் குறியீடுகள்மேல் ஓட்டலாம். அப்போது டஃப், ரஃப் கூட்டத்தில் ஓ-யூ-ஜி-எச்சின் சாயலே இல்லாத ஸ்டஃப்பும் வந்து சேரும், தோ காணாமல் போகும்.

உங்களுக்கு எழுத்துதான் வேண்டும் என்று வைத்துக்கொண்டு, நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். ஸ்க்ராபிள் பட்டியல் மாதிரி ஆள் பெயர், ஊர்ப் பெயர் இல்லாத ஒன்றை எடுப்பேன். இல்லாவிட்டால் ஸ்கார்பரோ வகை ஊர்கள் வந்து அடைத்துக்கொள்ளும். முதலில் ஓ-யூ-ஜி-எச்$ என்று, அதாவது அந்த நாலெழுத்தோடு முடிபவை. அடுத்து பின்னால் டீ சேர்த்து ஓ-யூ-ஜி-எச்-டீ$. மீதியில் வருபவை பெரும்பாலும் இந்த இரண்டின் வால் நீண்ட வடிவங்களும் டோநட் மாதிரி ஒட்டுச் சொற்களும்தான், அவற்றை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். முதல் கூட்டத்தை வாய்விட்டுப் படித்து ஓசைவாரியாகப் பிரிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது கூட்டம் சாது: தாட், பாட், ஃபாட், சாட், ப்ராட் எல்லாம் ஒரே ஓசை. அதில் வறட்சியைக் குறிக்கும் ட்ரௌட் மட்டும் சேராது. அதைத் தனியே உருவி, முதல் கூட்டத்தில் மரக்கிளையைக் குறிக்கும் பௌவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.